மினிடிவி (MiniDV) கேசட்டில் உள்ள வீடியோவைக் கணினிக்கு மாற்றும் முறை

2000ஆம் ஆண்டையொட்டி எடுக்கப்பட்ட கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு வீடியோக்களில் பல, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மினிடிவி கேசட்டுகளில் இன்னும் பீரோவுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை ஓட்டும் கேமராக்கள் இப்போது புதிதாக வருவதில்லை. ஓடும் கேமரா ஒன்று கைவசம் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

முதலில் கேசட்டைப் பாருங்கள். சென்னையின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிப்பது சகஜம். கேசட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, சுருளின் கரிய பரப்பில் விபூதி தூவியதுபோல வெண்புள்ளிகள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். தெரிந்தால் அதைக் கேமராவில் போடவே கூடாது. என் தங்கையின் வளைகாப்புக் கேசட்டை நான் பார்க்காமல் போட்டுவிட்டேன்; சிறிது நேரத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்தது மட்டுமல்லாமல், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் துகள்கள் படிந்துவிட்டதால் அடுத்துப் போட்ட நல்ல கேசட்டும் அப்படியே உடைந்து தெரிந்தது. ஹெட் கிளீனிங் கேசட்டை ஓட்டிய பிறகே கேமரா சரியானது. பூஞ்சை பிடித்தவற்றைத் தனி டப்பாவில் ஒதுக்கி, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்ற கேசட்டுகளின் முதுகில் உள்ள சிறிய பட்டனைப் பாதுகாப்புப் பக்கம் தள்ளிவிட்டால், தவறுதலாகப் பதிவு அழியாது. ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேமராவை உடனே ஓட்டினால், உள்ளே படியும் ஈரத்தில் நாடா ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

அடுத்தது இணைப்பு. கேமராவில் யூஎஸ்பி துளை இருந்தாலும், பல மாடல்களில் அது முக்கியமாகப் புகைப்படங்களுக்காக வைக்கப்பட்டது. நமக்கு வேண்டியது 'டிவி' (DV) அல்லது 'ஐ.லிங்க்' (i.LINK) என்று எழுதப்பட்ட, நான்கு முனை கொண்ட ஃபயர்வயர் துளை. நாடாவில் உள்ள டிஜிட்டல் தகவல் அதன் வழியாகத்தான் தரம் குறையாமல் அப்படியே வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களால் இணைத்தால் படம் அனலாகாக மாறி மங்கிவிடும் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் கணினியில் பொருத்தும் ஃபயர்வயர் கார்டையும், நான்கு முனையிலிருந்து ஆறு முனைக்குச் செல்லும் கேபிளையும் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் தேடலாம். விண்டோஸ் 10, 11இல் கேமரா தென்படவில்லை என்றால், ஃபயர்வயருக்கான மைக்ரோசாஃப்டின் பழைய 1394 டிரைவரை நிறுவிப் பாருங்கள்.

கேமராவை பேட்டரியில் அல்லாமல் கரண்ட் அடாப்டரில் இணைத்து, ப்ளே நிலையில் வையுங்கள். கேசட்டை ஒருமுறை கடைசிவரை வேகமாக ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றினால் நாடாவின் இறுக்கம் சீராகும். பிறகு வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கேப்சர் பட்டனை அழுத்தி, கேசட்டை ஓட விடுங்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும். அதை விரைவுபடுத்த வழியில்லை. விட்டுப்போன ஃப்ரேம்களின் எண்ணிக்கை திரையில் தெரியும்; அது ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, மற்ற மென்பொருள்களை மூடிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். எனவே 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காத ஃபேட்32 டிஸ்க்கைத் தவிர்த்து, என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அசைவின்போது தெரியும் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் வசதியுடன் எம்பி4 பிரதி செய்துகொள்ளலாம். ஆனால் கேப்சர் செய்த மூல ஏவிஐ ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். அதை இரண்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவான தேதியும் நேரமும் நாடாவிலேயே இருப்பதால், வின்டிவி அவற்றைக்கொண்டே ஃபைலுக்குப் பெயர் வைக்கும். கேமராவின் கடிகாரம் அன்று தவறாக இருந்திருந்தால் பெயரும் தவறாகிவிடும். ஆகவே கேசட்டின் மேல் அப்பாவோ மாமாவோ பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டை ஃபோனில் படம் எடுத்து, அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.