ஆண்டுக்கொரு சொல்: தெரிவு செய்யும்போது நாம் விடும் பிழைகள்

டிசம்பர் 31ஆம் திகதி இரவு ஆராதனை முடியும் தறுவாயில், எங்கள் பக்கத்துச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வரிசையில் வந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வாசலடி வெளிச்சத்தில் நின்று வாசிப்பார்கள். சிலர் முகம் மலரும். சிலர் பக்கத்தில் நிற்பவரின் அட்டையை எட்டிப் பார்த்து, அது தமக்கு வந்திருக்கலாமே என்று நினைப்பது நன்றாகவே தெரியும். அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரேயொரு சொல்லைத் தெரிந்தெடுத்து, செபத்திலும் வேதவாசிப்பிலும் அன்றாட நடத்தையிலும் அந்தச் சொல்லையே வழிகாட்டியாகக் கொள்வதே அது. நல்ல வழக்கந்தான். ஆனால் அட்டை எடுத்த பழக்கத்திலேயே சொல்லையும் எடுத்துவிடுவதால், தை மாதம் முடியும் முன்னரே அது பலருக்குப் பயனற்றுப் போகிறது.

எல்லாவற்றுக்கும் மூலமான பிழை, வாக்குத்தத்தத்தையும் வழிகாட்டும் சொல்லையும் ஒன்றென்று எண்ணுவது. வாக்குத்தத்தம் கடவுள் நமக்குத் தருவது. வழிகாட்டும் சொல்லோ, அவர் நம்மில் செய்ய விரும்பும் வேலைக்கு நாம் தெரிவிக்கும் சம்மதம். இரண்டையும் குழப்பிக்கொண்டவர் "உயர்வு", "செழிப்பு", "வெற்றி" என்று பெறவேண்டியவற்றின் பட்டியலிலிருந்தே சொல்லை எடுப்பார். உபாகமம் 28:13ஐ ஆதாரமாகக் காட்டி, இந்த ஆண்டு தாம் வாலாகாமல் தலையாகப் போவதாகவும் சொல்வார். அதே வசனத்தின் பிற்பகுதி கட்டளைகளைக் கைக்கொள்வதைப் பற்றியது என்பது அட்டையில் இடம் போதாமல் விடுபட்டுப் போயிருக்கும்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சொல்லையோ வாக்கையோ முன்வைத்து நடப்பது புதிய கண்டுபிடிப்பல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில், மொரேவிய சபையார் 1728ஆம் ஆண்டிலிருந்து நாளுக்கொரு வசனத்தைப் பெற்று வாழ்ந்தார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர், காவலில் நிற்கும் வீரர்களுக்குக் கொடுக்கப்படும் அடையாளச் சொல்லைக் குறிப்பது. கடமையில் இருப்பவனுக்குரிய சொல் அது, பரிசு பெறப்போகிறவனுக்கு உரியதல்ல. மெதடிஸ்த சபையார் புத்தாண்டில் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையும், 1755இல் ஜோன் வெஸ்லி லண்டனில் தொடங்கிவைத்த மரபிலிருந்து வருவது. என்னைப் பணியில் அமர்த்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நான் உம்முடையவன் என்ற கருத்தே அந்தச் செபத்தின் உயிர். அந்தச் செபத்தைச் சொன்ன வாயோடு "உயர்வு" என்று எழுதக் கை கூசவேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த பிழை, சொல்லை அது முளைத்த மண்ணிலிருந்து பிடுங்கி எடுப்பது. இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் இதற்கு மிகவும் ஆளான பகுதி எரேமியா 29:11. நாம் எதிர்பார்த்திருக்கும் முடிவை ஆண்டவர் தருவார் என்று அது சொல்வதால், அதிலிருந்து "முடிவு", "நம்பிக்கை", "எதிர்காலம்" என்ற சொற்களை எடுக்காத ஆண்டே இல்லை. ஆனால் அது பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாம் திரும்பிவிடும் என்று மக்கள் மகிழும்படி சொல்கிறான். எரேமியாவோ எழுபது ஆண்டு என்கிறார். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் சிறையாகப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் எழுதுகிறார். போர்க்காலத்தில், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, ஒரு பையோடு வீட்டைப் பூட்டிப் புறப்பட்ட சனங்கள் நாங்கள். அனனியாவின் குரல் எவ்வளவு இனிமையானது என்பதை எங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எங்களுக்கு அடுத்த கூடாரத்தில் இருந்த ஓர் அம்மா, முகம் கழுவும் தண்ணீர் விழும் இடம் பார்த்து இரண்டு மிளகாய்க் கன்றுகளை நட்டிருந்தார். "எப்ப விடுவாங்களெண்டு தெரியாது, காய்ச்சால் நல்லதுதானே" என்றார். எரேமியா 29இலிருந்து ஒரு சொல்லை எடுக்க விரும்புவோர், பதினோராம் வசனத்தைவிட ஐந்தாம் வசனத்தில் தேடிப் பார்க்கலாம். "நடு" என்பது ஓராண்டுக்குப் போதுமான சொல்.

சொல்லுக்குப் பின்னால் இருக்கும் மூலமொழியை அறிந்துகொள்வதும் உதவும். ஏசாயா 40:31 கர்த்தருக்குக் காத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறது. நம்பிக்கையோடு காத்திருத்தலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லான "திக்வா", யோசுவா இரண்டாம் அதிகாரத்தில் ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் வழங்குகிறது. இதை அறிந்தபின் "காத்திரு" என்ற சொல், சும்மா இருப்பதாகத் தோன்றாது. கையில் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறாகத் தோன்றும். திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பையும் பழைய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதும் நன்று. பழையதில் "கிருபை" என்றிருப்பது பொதுமொழிபெயர்ப்பில் "அருள்" என்றிருக்கும். "இரட்சிப்பு" என்பது "மீட்பு" ஆகும். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் ஒரே ஒழுங்கையில் குடியிருக்கும் எங்கள் ஊர்களில், அடுத்த வீட்டு வேதாகமத்தை இரவல் வாங்குவது பெரிய காரியமல்ல. அடகில் வைத்த காப்பைத் திருப்பி எடுத்த பெண்ணுக்கு "மீட்பு" என்ற சொல்லின் பாரம் நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அவசரத்தில் தெரிவு செய்வது இன்னொரு பிழை. கிளிநொச்சியில் வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளத்தின் முழு மட்டம் 36 அடி. சிறுபோக நெல் விதைப்புத் தொடங்கும் முன் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூடும்போது, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதே முதலில் பேசப்படும். எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது அதன் பிறகுதான். எல்லாக் காணிக்கும் விதைக்க எல்லாருக்கும் ஆசை இருக்கும், ஆனால் குளத்தின் மதகான துருசைத் திறக்கும்போது ஓடுவது ஆசையல்ல. சொல்லைத் தெரிவு செய்யும் விடயத்தில் மட்டும் நாம் தண்ணீரை அளக்காமலே ஏக்கரை அறிவிக்கிறோம். கடந்த ஆண்டில் எங்கே கோபப்பட்டோம், யாரைச் சந்திக்காமல் ஒளிந்து திரிந்தோம், எந்த மாதத்தில் செபம் நின்றுபோனது என்று பார்க்காமல், நள்ளிரவு மணி அடிக்கும்போது மனதில் பட்டதை எழுதிவிடுகிறோம். கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் இந்த அளவெடுப்புக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி அமர்ந்து கணக்குப் பார்த்தபோது, மூன்று இடத்து நுண்கடனின் கிழமைக் கட்டுக்காசுதான் வீட்டின் எல்லாச் சண்டைக்கும் அடி என்று கண்டுபிடித்தது. அவர்கள் "செழிப்பு" என்று எழுத இருந்தவர்கள். எழுதியது "போதும்". 1 தீமோத்தேயு 6:6 போதுமென்கிற மனதோடு கூடிய தேவபக்தியைத்தான் மிகுந்த ஆதாயம் என்கிறது. அந்த ஆண்டு புதுக் கடன் எடுக்காமல் இருப்பதே அவர்களுடைய ஆவிக்குரிய பயிற்சியாக இருந்தது.

சொல்லின் வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். "ஆசீர்வாதம்", "பரிபூரணம்", "மகிமை" போன்ற பெரிய பெயர்ச்சொற்கள் சுவரில் அழகாக இருக்கும், ஆனால் காலை ஆறு மணிக்கு என்ன செய்யவேண்டும் என்று அவை சொல்வதில்லை. "கேள்", "விடு", "நில்", "பகிர்" போன்ற ஏவல் வினைகள் சொல்லும். தமிழில் ஒரு சொல்லுக்குப் பல முகங்கள் இருப்பதையும் மறந்துவிடக்கூடாது. "அடக்கம்" பணிவையும் குறிக்கும், சவ அடக்கத்தையும் குறிக்கும். "சமாதானம்" என்றால் எங்கள் ஊரில் ஒருவர் கிறிஸ்துவை நினைப்பார். இன்னொருவர் 2002இல் யுத்தநிறுத்த ஒப்பந்தத்தோடு தொடங்கி, நிலைக்காமல் போன அந்தச் சில ஆண்டுகளை நினைப்பார். அந்த இரண்டாவது நினைவு வந்தால் வரட்டும், அதையும் செபத்துக்குள் கொண்டுபோகலாம். ஆனால் அது வரும் என்று தெரிந்தே சொல்லை எடுக்கவேண்டும்.

இதில் நானே விட்ட பிழை ஒன்றுண்டு. ஓராண்டு "அமைதி" என்று எடுத்தேன். சங்கீதம் 46:10தான் ஆதாரம். வீட்டில் சத்தம் போடுவதில்லை என்று தீர்மானித்து, மனவருத்தம் வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு அடுப்படியில் பாத்திரங்களை மட்டும் ஓங்கி வைத்தேன். மாசி மாதம் மகள் கேட்டாள்: "அம்மா, இந்த வருஷம் அமைதி எண்டுறது எங்களோட கதைக்காம இருக்கிறதோ?" அன்றிரவு அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசித்தேன். வில்லை ஒடித்து ஈட்டியை முறித்துப் போடுகிற வசனத்துக்கு அடுத்ததாகத்தான் அமர்ந்திருங்கள் என்ற கட்டளை வருகிறது. அங்குள்ள எபிரெய வினைக்குக் கையைத் தளர்த்து, பிடியை விடு என்ற பொருளும் உண்டு. நானோ பிடியை விடாமலே மௌனமாக இருந்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது, மற்றவருக்காக நாம் சொல்லைத் தெரிவு செய்வது. குழந்தைகளுக்கு "கீழ்ப்படிவு" என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் படத்தோடு வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்க்கு, இந்த ஆண்டு உங்களுக்கு "மன்னிப்பு" என்ற சொல் பொருத்தம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கிளிநொச்சியில் அந்தத் தாய்மாரின் தொடர்போராட்டம் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கியது. அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, அவர்களும் ஆண்டுக்கொரு சொல்லைக் கேட்டு வீட்டுக்குப் போகிறார்கள். "மறந்துவிடு", "விட்டுக்கொடு", "புதிய தொடக்கம்" போன்ற சொற்கள் அவர்களிடம் அறிவுரையாகக்கூடப் போய்ச் சேருவதில்லை. வாயை அடைக்கும் கையாகவே போய்ச் சேருகின்றன. மன்னிப்பு அவர்களிடமிருந்து எழுந்தால் அது தேவகிருபை. நம் அட்டையிலிருந்து அது எழவேண்டியதில்லை.

வழிகாட்டும் சொல் எப்போதும் மகிழ்ச்சியானதாக இருக்கவேண்டும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. சங்கீதம் 13ஐத் திறந்து பாருங்கள். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. கடவுள் தன்னை மறந்துவிட்டாரா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்கும் கேள்வி அது. அதைக் கேட்டவரை ஒருவரும் கண்டிக்கவில்லை. அதற்கு மாறாக, அந்தச் சங்கீதம் ஆராதனையில் பாடப்படுவதற்கென்று இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. "எதுவரைக்கும்" என்பதை ஒருவர் தம் ஆண்டுச் சொல்லாக எடுத்தால், அவர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்ல. அந்தச் சொல்லோடு ஓராண்டு செபிப்பது, "வெற்றி" என்ற சொல்லோடு செபிப்பதைவிடக் கடினமானது என்றே நினைக்கிறேன். போதகர்களும் பங்குத்தந்தையரும் தட்டில் அதற்கும் ஓர் இடம் வைக்கலாம்.

வாட்ஸப் ஸ்டேட்டஸில் பூப்படத்தின் மேல் சொல்லைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை; இருபத்து நான்கு மணித்தியாலத்தில் அது தானாகவே மறைந்துவிடும். ஒருவருக்கும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வதும் அதே அளவு பயனற்றது. நம்மைத் திருத்தக்கூடிய ஒருவரிடமாவது சொல்லவேண்டும். என் வீட்டில் அந்த வேலையை மகள் செய்கிறாள்.

மாசியில் சோர்ந்து விடுவது எல்லாருக்கும் பொதுவானது. எங்கள் நாட்காட்டியே அதற்கு ஒரு காரணம். புத்தாண்டு வரும்போது காலபோக நெல் குடலையிலும் கதிரிலும் நிற்கும். இரவில் பன்றிக்காவல், பகலில் தண்ணீர் பார்ப்பு, பின் அறுவடை. அந்த நாட்களில் தினமும் அரை மணித்தியாலம் இருந்து தியானிக்கத் திட்டமிடுபவர் தோற்றுப்போவார். வயலுக்குப் போகும் வழியில் சொல்லிப் பார்க்கக்கூடிய அளவுக்குச் சொல்லைச் சிறிதாக வைத்துக்கொண்டு, அறுவடை முடிந்தபின், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தபசுகாலத்தில் முழுமையாக எடுத்தால் போதும். அதன் பிறகு ஒரு முறை ஆவணியில் பார்க்கலாம். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் காட்டு மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு இருக்கும் அந்த நாட்களில், மாலை வேளைகளில் பேச நேரம் தாராளமாகக் கிடைக்கும். எட்டு மாதத்தில் அந்தச் சொல் தன்னை எங்கே தொட்டது, எங்கே தொடவே இல்லை என்று அங்கே ஒருவரோடொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். மருதமடு அன்னையின் ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குப் போகாதவர்கள் ஆண்டின் நடுவில் தங்கள் சபையின் உபவாச நாளொன்றைப் பயன்படுத்தலாம்.

ஆண்டு முடிந்தவுடன் சொல்லையும் கட்டாயம் மாற்றவேண்டும் என்று நினைப்பதும் பிழையே. நாட்காட்டி மாறுவது அச்சகத்தின் வேலை. எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு பாட்டி "கேள்" என்ற ஒரே சொல்லோடு மூன்றாவது ஆண்டாக இருக்கிறார். போன டிசம்பரில் புதுச் சொல் எடுக்கவில்லையா என்று அவரிடம் கேட்டோம். மருமகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டி, "பொறு பிள்ளை, அவள் சொல்லி முடிக்கட்டும்" என்றார்.