ஓரத்தகடு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

பாத்தி மண் பாதைக்கோ புல்தரைக்கோ சரியாமல் தோட்டத்தில் ஓரமாகப் பதிக்கும் உலோகப் பட்டைதான் ஓரத்தகடு. அதை வாங்கப் போன நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் வளைத்துப் பார்த்தவர், "அருமையாக வளைகிறதே!" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே சொல்லித்தான் வாங்கினேன். கையுறை போடுங்கள், நீளத்தை அளந்து வாங்குங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையால் வளைகிறதே என்று மெல்லிய தகடு வாங்குவது

நான் வாங்கியது 1 மி.மீ. எஃகு. பாதையோரம் 20 மீட்டர் நேர்கோடு. பதித்த அன்று நூல் பிடித்தாற்போல் இருந்தது. முதல் பெருமழையில் பாத்தி மண் ஊறி உப்ப, தகடு பாதைப் பக்கம் பிதுங்கியது. மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. 20 மீட்டர் எஃகு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 1 செ.மீ. நீளும், அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு. இரு முனையும் இறுகிக் கிடந்தால் அந்த நீளம் எங்கே போகும்? பக்கவாட்டில் நெளியும்.

வளைவான பாத்தியில் இது தெரியாது. வளைந்த தகட்டுக்கு அந்த வளைவே பலம். விரற்கடை விலகினாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. நேர்கோட்டில் கொஞ்சம் கோணினாலும் வாசலில் நின்றே தெரிந்துவிடும். மெல்லியது வளைவுக்கு, நேர்கோட்டுக்கு 3 மி.மீ. என்பது அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு.

தகட்டைப் பிடித்து நிறுத்த மண்ணில் அடிக்கும் முளைகளை நெருக்கி அடித்தால் சரியாகிவிடும் என்றும் நம்பினேன். மீட்டருக்கு ஒன்றாக இருந்ததை அரை மீட்டருக்கு ஒன்றாக்கினேன். பெரிய நெளிவுகள் போய், முளைக்கு முளை நடுவே சின்ன நெளிவுகள் வந்தன. கடைசியில் முழுவதையும் பிடுங்கியபோது, மூன்றாண்டு வளர்ந்த ஓரச் செடிகளின் வேரும் சேர்ந்து வந்தது. தகட்டுக்குக் கொடுத்த காசைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பள்ளம் வெட்டாமல் அடித்து இறக்குவது

சுத்தியல் பட்ட மேல்விளிம்பு காதுமடல்போல் மடங்கிவிடும், பிறகு நிமிராது. குறுகலாகப் பள்ளம் வெட்டி, தகட்டை நிறுத்தி, இரு பக்கமும் மண்ணை மிதித்து இறுக்குங்கள். முளை அடிக்கும்போதும் மேலே ஒரு மரக்கட்டை வைத்து அடியுங்கள்.

சரிவில் தண்ணீரை மறிப்பது

சரிவுக்குக் குறுக்கே போகும் தகடு ஓர் அணை. தாழ்ந்த இடத்தில் வடிய வழி விடுங்கள்.

புல்தரையோரம் உயரமாக நிறுத்துவது

1 அல்லது 2 செ.மீ. போதும். அதற்கு மேல் புல்வெட்டியின் கத்தி இடிக்கும்.

வெட்டிய முனையை அப்படியே விடுவது

துத்தநாகப் பூச்சுள்ள இரும்பில் துரு அங்கேதான் தொடங்கும். துத்தநாக பெயின்ட் தடவுங்கள்.

வெளிர்நிறக் கல்லை ஒட்டித் துருநிற எஃகு

மேலே துரு படிந்தபடியே பயன்படுத்தும் எஃகு அது. அங்கே வேண்டாம். முதல் மழைகளிலேயே கல்லில் துருக்கறை இறங்கும்.

நண்பர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த மெல்லிய தகட்டையே வாங்கினார், கூடவே ஒரு கட்டு முளையும்.