புதுச்சேரியின் மீனை பாரிஸில் தேடும்போது: இணைய இயற்கை வரலாற்றுத் தொகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் மீன் சந்தைகளில் கூறு வைத்து விற்கப்படும் மத்திக்கு ‘சார்டினெல்லா லாங்கிசெப்ஸ்’ என்ற அறிவியல் பெயரை 1847-இல் சூட்டியவர் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வலென்சியென். அந்த இனத்தின் மூல இடமாக, அதாவது பெயரிட அடிப்படையான மாதிரி கிடைத்த இடமாக, அவர் குறித்தது புதுச்சேரி. 1816 முதல் 1822 வரை புதுச்சேரியில் தங்கித் தாவரத் தோட்டத்தைக் கவனித்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லெஷெனோ, இக்கரையின் மீன்களையும் செடிகளையும் பறவைகளையும் அதே அருங்காட்சியகத்திற்குக் கப்பலேற்றி அனுப்பினார். அதற்கும் முன்பே, தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீன்களை பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் ஆராய்ந்து விவரித்தார். நம் குளத்துத் தேளி மீன் 1794-இல் அறிவியல் பெயர் பெற்றது அப்படித்தான். ஆகவே, கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கும் ஒரு மாணவருக்கு இந்த வெளிநாட்டுத் தொகுப்புகள் அந்நியமானவை அல்ல. அவர் பிறந்த கரையைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளில் பல அங்கேதான் இருக்கின்றன, அவற்றின் பதிவுகளை இன்று வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் பார்க்கலாம். அவசரமாகப் பார்த்தால் தவறான முடிவுகளுக்கு வந்துவிடுவோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, இணையத்தில் கிடைக்கும் காட்சிக்கூடச் சுற்றுலாவையே அருங்காட்சியகம் என்று கொள்வது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடங்களைத் திரையில் நடந்து சுற்றி வரலாம். யானையையும் டைனோசர் எலும்புகளையும் காணலாம். குழந்தைகளுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அங்குள்ள 14 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகளில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை மிகச் சிறிய பங்கு. மற்றவை இழுப்பறைகளிலும் சாராயப் புட்டிகளிலும் பின்னறைகளில் இருக்கின்றன. ஏதேனும் ஒன்றைக் கற்றறிய வந்தவர், சுற்றுலாப் பக்கத்தை விட்டு அருங்காட்சியகத் தளத்தின் தொகுப்புத் தேடல் பக்கத்திற்குச் செல்ல வேண்டும்.

அங்கே சென்று தேடி, ஒன்றும் வராவிட்டால் அப்பொருள் அங்கே இல்லை என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 8 கோடி மாதிரிகள் உள்ளன; அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இன்னும் இணையத்தில் ஏறவில்லை. எது முதலில் ஏறுகிறது என்பதும் பணத்தையும் வசதியையும் பொறுத்தது. தாளில் ஒட்டிய உலர் தாவரத்தைப் படமெடுப்பது எளிது என்பதால் பாரிஸின் ஹெர்பேரியம் (உலர்தாவரத் தொகுப்பு) பல லட்சக்கணக்கான தாள்களைப் படங்களாகவே வெளியிட்டிருக்கிறது; சாராயத்தில் ஊறும் மீனையும் ஊசியில் குத்திய வண்டையும் அவ்வாறு விரைந்து படமெடுக்க முடியாது. எனவே “தேடலில் கிடைக்கவில்லை” என்று எழுதுங்கள். “அங்கே இல்லை” என்று எழுதாதீர்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் நம் பகுதி மாணவர்களை மிகுதியாக ஏமாற்றுவது: ஊர்ப்பெயர். அரசு ஆவணங்களில் ‘புதுச்சேரி’ என்ற பெயர் 2006-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் எழுதி மாதிரிகளோடு இணைத்த சீட்டுகளில் அப்பெயர் பெரும்பாலும் இராது. ஆங்கில முறையிலான ‘பாண்டிச்சேரி’ இருக்கும், அல்லது பிரெஞ்சு முறையில் எழுதியது இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டு ‘ஆர்’ வரும் இடத்தில் பிரெஞ்சில் ஒன்றுதான் வரும். சில தேடுபொறிகள் இந்த ஓர் எழுத்து வேறுபாட்டையே மன்னிப்பதில்லை. கடலூரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கோந்தலூர்’ என்று எழுதினர். தரங்கம்பாடி ‘ட்ராங்க்பார்’ ஆயிற்று. விருத்தாசலம் பழைய புவியியல் ஏடுகளில் ‘வெர்டாசெல்லம்’ என்று அடையாளம் தெரியாமல் கிடக்கிறது. பல பதிவுகளில் ஊரே இராது, ‘கோரமண்டல் கரை’ என்று மட்டும் இருக்கும். மாவட்டப் பெயரும் இப்படியே. 1993-இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிக்கப்படும் வரை இவை இரண்டும் தென்னார்க்காடு மாவட்டம். ஆகையால் செஞ்சி மலையில் பறித்த செடியும் நெய்வேலிக் காட்டில் பறித்த செடியும் ஒரே மாவட்டப் பெயரின் கீழ் வரும். தேடத் தொடங்கும் முன்பே ஊரின் எல்லாப் பழைய வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பதே சரியான முறை.

இதன் மறுபக்கமும் உண்டு. மாநிலப் பட்டியலில் ‘புதுச்சேரி’ என்று தேர்ந்தெடுத்தால், அரபிக்கடலோரம் இருக்கும் மாஹேயும் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கும் யானமும் சேர்ந்தே வரும். மாஹேயில் கிடைத்த தவளையைப் புதுச்சேரி நகரத்துத் தவளை என்று எழுதிவிட்டால், மேற்குக் கரையின் ஈர நிலத்து உயிரை நம் செம்மண் மேட்டில் கொண்டுவந்து குடியேற்றியதாகிவிடும். காரைக்காலையும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் தெரியும் புள்ளியை அப்படியே நம்புவது இதனோடு ஒட்டிய தவறு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சேகரித்தவரிடம் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும் கருவி கையில் இல்லை. சீட்டில் உள்ள ஊர்ப்பெயரைப் படித்து, பிற்காலத்தில் வேறொருவர் வரைபடத்தில் இட்டதே அந்தப் புள்ளி. ‘மதராஸ்’ என்று மட்டும் இருந்தால், ஒருவர் சென்னை நகரத்தின் நடுவில் இடுவார், மற்றொருவர் பழைய மாகாணத்தை நினைத்து எங்கோ உள்நாட்டில் இடுவார். பதிவில் ‘அமைவிட ஐயப்பாடு’ என்ற பொருளில் மீட்டரில் ஓர் எண் தரப்பட்டிருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். அந்த எண் 50,000 என்றிருந்தால், புள்ளி கடலூர்த் துறைமுகத்தின் மேல் விழுந்திருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை.

சீட்டிலேயே பிழை இருக்கலாம் என்பதற்குப் புதுச்சேரியோடு தொடர்புடைய ஒருவரே பெரிய சான்று. இந்தியாவில் நெடுங்காலம் வாழ்ந்த பியர் சொனெரா (காட்டுக்கோழி ஒன்றின் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பவர்) 1776-இல் வெளியிட்ட பயண ஏட்டில் நியூ கினித் தீவில் பென்குயின்கள் இருப்பதாக எழுதினார். அங்கே பென்குயின்கள் கிடையாது. ஆயினும் அதை நம்பி வைக்கப்பட்ட ‘பாப்புவா’ என்ற சொல், அண்டார்டிக்கா பகுதியில் வாழும் ஜென்டூ பென்குயினின் அறிவியல் பெயரில் இன்றுவரை நிற்கிறது. புகழ்பெற்றவர் எழுதியது, பழமையானது என்பதற்காக ஒரு குறிப்பை உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேதியிலும் இதே கவனம் வேண்டும். பதிவில் தெரியும் ஆண்டு, உயிரி பிடிக்கப்பட்ட ஆண்டாக இருக்கலாம். அருங்காட்சியகத்தின் கையேட்டில் அது ஏறிய ஆண்டாகவும் இருக்கலாம். லெஷெனோ சேகரித்தது என்று குறித்த மாதிரியில் 1822-க்கு நெடுநாள் பிந்திய ஆண்டு காணப்பட்டால், அது அவர் புதுச்சேரிக் கரையில் நின்று பிடித்த நாளாக இருக்க முடியாது.

பெயர்களைப் பொறுத்தவரை, தமிழ்ப் பெயரை இட்டுத் தேடுவதில் பெரும்பாலும் பயன் இல்லை. கவலை, மத்தி என்று நாம் தெளிவாகப் பிரித்துச் சொல்லும் மீன்களை ஆங்கிலத்தில் ‘சார்டின்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் ஆங்கிலப் பெயரும் உதவாது. அறிவியல் பெயரே வழி. ஆனால் அறிவியல் பெயரும் மாறும் என்பதை மறப்பவர்கள் பலர். தேளியை பிளாக் ‘சைலூரஸ்’ என்ற பேரினத்தில் வைத்தார். இன்று அது ‘ஹெட்டெராப்நியூஸ்டெஸ் ஃபாசிலிஸ்’. ஓர் அருங்காட்சியகம் பழைய பெயரிலும் மற்றொன்று புதிய பெயரிலும் பதிந்திருக்கும்; ஒரே இனத்திற்கு வழங்கிய இந்த இணைப்பெயர்களைத் திரட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் தேட வேண்டும். ஹெர்பேரியத் தாள்களில் இதற்கு அருமையான வசதி ஒன்று இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால், ஒரே தாளில் வெவ்வேறு காலத்து அறிஞர்கள் ஒட்டிய சிறு சீட்டுகளைக் காணலாம். ஒருவர் ஓர் இனம் என்று எழுதியதை முப்பது ஆண்டு கழித்து மற்றொருவர் மறுத்து, தம் பெயரையும் ஆண்டையும் இட்டிருப்பார். தரவுப் பட்டியலில் அவற்றுள் ஒன்று மட்டுமே ஏறியிருக்கக்கூடும். பட்டியலின் வரியோடு நிறுத்திக்கொள்பவர் அந்த விவாதம் முழுவதையும் இழக்கிறார். எனக்கு இந்தத் தாள்களில் மிகப் பிடித்தது அதுதான்: ஒரு செடியைச் சுற்றி அறிவு மெல்லத் திருத்தப்பட்டு வருவதைக் கண்ணால் காண முடிகிறது.

நிறத்தை வைத்து அடையாளம் காண முயல்வதையும் தவிர்க்க வேண்டும். சாராயத்தில் பல்லாண்டு இருந்த மீன் மங்கிய பழுப்பாகிவிடும். உலர்ந்த மலர் தன் நிறத்தை இழந்துவிடும். துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, செதில் வரிசை, இலை நரம்பின் அமைப்பு போன்ற மாறாத அடையாளங்களை ஒப்பிடுங்கள். அளவை அறிய, படத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள்.

புதைபடிவங்களைத் தேடுவோர்க்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர்ப் பகுதியில், கடல் அங்கே இருந்த காலத்து அம்மனைட்டுகளும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள்) சிப்பிகளும் கிடைக்கின்றன. கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார்; இந்திரன், பிரம்மா ஆகிய பெயர்களைக்கூட அவர் அம்மனைட்டுகளுக்குச் சூட்டினார். அம்மாதிரிகள் லண்டனில் உள்ளன. அவற்றுள் புதுச்சேரிப் பகுதியில் கிடைத்தவை ஏறக்குறைய 7 கோடி ஆண்டு பழமையானவை. திருவக்கரையில் நாம் காணும் கல்மரங்களோ சுமார் 2 கோடி ஆண்டுக் காலத்தவை. அருகருகே கிடைப்பதால் இரண்டையும் ஒரே காலத்தவையாக எழுதிவிடுகிறார்கள். பதிவுகளில் வயது ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் இராது. பாறைப் படிவத்தின் பெயராகவும் புவியியல் காலப் பெயராகவும் இருக்கும், அவற்றைப் படித்தே அறிய வேண்டும். ‘கடலூர் மணற்கல்’ என்று ஒரு பதிவில் கண்டவுடன் அது கடலூரில் எடுக்கப்பட்டது என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. அது பாறையின் பெயர். கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, ஜெயங்கொண்டம் வரையிலும் அதற்கு அப்பாலும் அப்பாறை பரவியிருக்கிறது.

பல அருங்காட்சியகங்களின் தரவுகளை ஒரே இடத்தில் தருவது, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு 2001-இல் தொடங்கிய ஜிபிஃப் என்னும் உலகப் பல்லுயிர்த் தகவல் வலையம். அங்கே 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி அருங்காட்சியக மாதிரி அல்ல, பறவை நோக்கர்களும் ஆர்வலர்களும் கண்டு பதிந்தவை. ஊசுடு ஏரியில் ஒருவர் நேற்றுக் கண்ட நாரையும், நூறாண்டுக்கு முன் பாடம் செய்யப்பட்ட நாரையும் ஒரே வரைபடத்தில் ஒரே நிறப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆயினும் மாதிரியை மீண்டும் எடுத்துச் சரிபார்க்கலாம், பறந்துபோன பறவையை அப்படிச் செய்ய இயலாது. ‘பாதுகாக்கப்பட்ட மாதிரி’ என்ற பொருளில் உள்ள வடிகட்டியைத் தேர்ந்த பின்னரே எண்ணத் தொடங்குங்கள்.

ஒரே அருங்காட்சியகத்தோடு நின்றுவிடுவதும் குறையே. இந்திய மீன்களை 19-ஆம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்த பிரான்சிஸ் டே தம் மாதிரிகளைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்; கொல்கத்தா, லண்டன், லெய்டன், வியன்னா, சிட்னி ஆகிய நகரங்களில் அவை சிதறியிருக்கின்றன. சென்னைக் கடலின் மீனைத் தேடி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திற்குப் போக வேண்டியிருக்கும். அதேபோல், தொலைவில் உள்ளதை மட்டும் தேடி அருகில் உள்ளதை விட்டுவிடாதீர்கள். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் காடுகளின் ஹெர்பேரியமும் மகரந்தத் தொகுப்பும் இருக்கின்றன; இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியம் கோயம்புத்தூரில் இருக்கிறது; எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851 முதல் இயங்கி வருகிறது.

படங்களைப் பயன்படுத்தும்போது உரிமத்தைப் பாருங்கள். ஸ்மித்சோனியன் 2020-இல் லட்சக்கணக்கான படங்களை எவ்வித உரிமைக் கட்டுப்பாடும் இன்றித் திறந்துவிட்டது; மற்ற சில இடங்களில் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும், சில இடங்களில் வணிகத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. கூகுள் தேடலில் கிடைத்த படத்தை எடுத்து ‘நன்றி: இணையம்’ என்று போடும் வழக்கத்தை நாம் விட வேண்டும். அருங்காட்சியகத்தின் பெயர், மாதிரியின் பதிவு எண், பார்த்த தேதி ஆகிய மூன்றையும் எழுதினால்தான் படிப்பவர் அதே பொருளைத் திரும்பச் சென்று காண முடியும். ஜிபிஃபில் தரவைப் பதிவிறக்கினால் அந்தப் பதிவிறக்கத்திற்கென ஒரு நிலையான அடையாள எண் தருகிறார்கள். அதையே மேற்கோளாகத் தரலாம்.

ஒரு பதிவில் பிழை கண்டால் பேசாமல் கடந்துவிடாதீர்கள். பல தொகுப்புத் தளங்களில் கருத்துத் தெரிவிக்க ஒரு பொத்தானோ காப்பாளரின் மின்னஞ்சலோ இருக்கும். ‘வெர்டாசெல்லம்’ எந்த ஊர் என்பது லண்டனில் தரவு ஏற்றுபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், விருத்தாசலத்துக்காரருக்குத் தெரியும். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, சீட்டில் உள்ளதை அப்படியே எடுத்தெழுதி, இன்றைய ஊரும் மாவட்டமும் இன்னவை என்று ஆதாரத்துடன் நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும்.