மர ஊமத்தைக்குப் பூச்சி வந்தால்

இடுக்கி மலையில், பூப்பாறையில் எங்கள் நர்சரிக்கு வருகிறவர்கள் செடியைக் கையில் வாங்கியதும் கேட்பது "இதுக்கு என்ன மருந்து அடிக்கணும் அக்கா?" என்றுதான். என்ன பூச்சி வந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "இலை ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். ஒரு மாதிரி இருப்பதற்கெல்லாம் மருந்து கிடையாது. இந்தச் செடிக்கு வரும் பூச்சிகள் நாலைந்து வகை. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றை வளர்த்துவிடும். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள், பம்பை அப்புறம் எடுக்கலாம்.

நான் சொல்வது தலைகீழாகத் தொங்கும் பெரிய குழல் பூ மரத்தை. வெள்ளை, மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு என்று போடிமெட்டிலிருந்து மூணாறு வரை வேலியோரங்களில் பார்த்திருப்பீர்கள். தரை ஊமத்தையின் பூ நிமிர்ந்து நிற்கும், இது தொங்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பெரும்பாலும் ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் செடி. அதனால்தான் எங்கள் குளிருக்கு இப்படிப் பூக்கிறது.

வேலை தொடங்கும் முன் ஒரு விஷயம். இதன் இலை, பூ, விதை, வேர் எல்லாமே விஷம். அட்ரோபின், ஸ்கோபாலமின் இரண்டும் இருக்கின்றன. இலையைக் கிள்ளிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண்பாப்பா விரிந்து பார்வை மங்கிவிடும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய கிளையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். குளிர் காய எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

சரி, பூச்சிக்கு வருவோம். எங்கள் பக்கம் பெரிய எதிரி செஞ்சிலந்திதான். தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே இலையைச் செம்பு நிறமாக்குவதற்கு இது நெருங்கிய சொந்தம். தை பிறந்து மழை நின்றதும் தொடங்கி, சித்திரையில் கோடை மழை நன்றாக விழும் வரை ஆடும். ரோட்டோரச் செடிகளுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் இலையில் தூசி படிந்தால் அதற்குக் கொண்டாட்டம். இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரியும். பிறகு இலை மங்கி, பழுத்து உதிரும். முற்றிவிட்டால் அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் இலையைத் தட்டுங்கள். மிளகாய்த்தூளைவிடச் சின்னப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான்.

இது பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் இனம். பூச்சிக்கென்று கடையில் விற்கும் பல மருந்துகள் இதை ஒன்றும் செய்யாது. இமிடாக்குளோப்ரிட் மாதிரி மருந்து அடித்த பிறகு செஞ்சிலந்தி பெருகுவதும் உண்டு. பக்கத்து ஏலக்காட்டுக்காரர் நல்ல மனசோடு, "அக்கா, ஏலத்துக்கு அடிச்சதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஊத்தித் தரட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் தம்பி என்றுதான் எப்போதும் சொல்வேன். செஞ்சிலந்தியைத் தின்கிற பொறிவண்டும், அதைத் தின்றே வாழும் இன்னொரு வகைச் சிலந்தியும் அந்த மருந்தில் முதலில் சாகும். மிஞ்சுகிறது செஞ்சிலந்திதான்.

இதற்கு நான் முதலில் நம்புவது தண்ணீரை. ஓஸ் முனையை விரலால் அழுத்தி, கீழிருந்து மேலாக, இலையின் அடிப்பக்கம் முழுக்க நனைகிற மாதிரி பீய்ச்சுங்கள். காலையிலேயே செய்தால் சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிடும். ஒரு தடவையோடு நிறுத்தினால் பயனில்லை, ஒட்டியிருக்கும் முட்டைகள் சில நாளில் பொரிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். ரொம்பக் கெட்டுப்போன இலைகளை முதலிலேயே கிள்ளி எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், தண்ணீரும் உரமும் இருந்தால் சீக்கிரம் துளிர்க்கிற மரம் இது.

கிளையை வெட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். தண்டு நேராக வளர்ந்து, ஓர் இடத்தில் கவட்டையாகப் பிரியும். அந்தக் கவட்டைக்கு மேலேதான் பூ வரும். அதற்குக் கீழே வெட்டினால் மரம் மறுபடி வளர்ந்து கவட்டை விட்ட பிறகுதான் பூக்கும். பூச்சி பிடித்த கோபத்தில் மொட்டையாக வெட்டிவிட்டு, ஏன் பூக்கவில்லை என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் உண்டு.

தண்ணீருக்கு மசியவில்லை என்றால் நனையும் கந்தகம். 80 சதவீதத் தூள் கடையில் கிடைக்கும், லிட்டருக்கு 2 கிராம் போதும். வெயில் ஏறின நேரத்தில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் கூடாது, கந்தகத்துக்குப் பின் வேப்பெண்ணெய்க்கும் அதே கணக்கு. இரண்டும் சேர்ந்தால் செடிதான் கருகும்.

வெள்ளை ஈயும் அசுவினியும் அடுத்தவை. செடியை ஆட்டினால் வெள்ளையாகப் பறந்து மறுபடி உட்கார்வது வெள்ளை ஈ. நுனிக் குருத்திலும் மொட்டின் காம்பிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாக அப்பியிருப்பது அசுவினி. இரண்டும் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை இலை மேல் விடும். அதில் கரும்பூசணம் படரும். இலை கறுத்துவிட்டதென்று பூசணத்துக்கு மருந்து தேடாதீர்கள், மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மாட்டுச் சாணமும் யூரியாவும் அள்ளிப் போட்டுக் கொழுக்க வைத்த செடிக்குத்தான் அசுவினி முதலில் வருகிறது.

இதற்குக் கேரளத்துக் கிருஷி பவன்களில் (அரசு வேளாண் அலுவலகங்களில்) சொல்லித் தருகிற வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் நல்லது. துணி சோப்புக் கட்டியில் 5 கிராம் சீவி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றி, எண்ணெய் மிதக்காமல் பால் மாதிரி ஆகும் வரை அடியுங்கள். 20 கிராம் பூண்டை நசுக்கிப் பிழிந்து வடிகட்டிச் சேர்த்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும். காய்கறிக்கு இந்த அளவு சரி. மர ஊமத்தை இலை மெத்தென்று இருக்கும், அதனால் நான் எண்ணெயை 10 மில்லியாகக் குறைத்து, முதலில் இரண்டு இலையில் அடித்து மறுநாள் பார்ப்பேன். சோப்புக்குப் பதில் சலவைப் பவுடர் போடாதீர்கள், இலை வெந்துவிடும்.

புகையிலைக் கஷாயத்தை மட்டும் இந்தச் செடிப் பக்கம் கொண்டுவராதீர்கள். புகையிலை, தக்காளி, கத்தரி, மிளகாய், ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம். புகையிலையின் மொசைக் வைரஸ் காய்ந்த இலையிலும் சாகாமல் இருக்கும். பீடி பிடித்த கையோடு செடியைத் தொடாதே என்று வேலைக்கு வரும் பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மருந்து எதுவானாலும் நாலு மணி வாக்கில், இலைக்கு மட்டும், பூவை விட்டுவிட்டு அடியுங்கள். பொழுது சாய்ந்ததும் இந்தப் பூ வாசனை விடும், அதைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும்.

தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. எறும்பு அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டை நெருங்க விடாது. தண்டைச் சுற்றி பிளாஸ்டிக் தாளைக் கட்டி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவ வேண்டாம். மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தாலே போதும்.

இலையில் பெரிய பெரிய ஓட்டை என்றால் புழு அல்லது நத்தை. காலையில் பளபளவென்று காய்ந்த கோடு தெரிந்தால் நத்தை. மழைக்காலத்தில், இருட்டும் நேரம் ஈரச் சாக்கு விரித்து அடியில் முட்டைக்கோஸ் இலை போட்டு வையுங்கள். காலையில் அங்கேயே கூடியிருக்கும். கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் செடி போய்விடும்.

கோடு இல்லை, ஆனால் கீழே கறுப்பு மிளகு மாதிரி எச்சம் கிடக்கிறது என்றால் மேலே விரல் தடிமனில் ஒரு புழு இருக்கும், வாலில் கொம்போடு. ஊமத்தை, கத்தரி, எள் எல்லாம் தின்னும். தொட்டால் கிட் கிட் என்று சத்தம் போடும். பார்க்கப் பயமாக இருக்கும், கொட்டாது. இது அந்துப்பூச்சியானால் முதுகில் மண்டையோடு மாதிரி ஒரு குறி இருக்கும். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடுகிற பூச்சி அது. இதற்கு மருந்து அடிப்பது வீண். ராத்திரி டார்ச் அடித்துத் தேடி எடுத்துவிடலாம். ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மரம் பெரிதாக இருந்தால் நான் எடுப்பதுகூட இல்லை.

போடி, தேனிக்காரர்கள் 17 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் செடியைக் கொண்டுபோனால், காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள இடத்தில் வையுங்கள். கீழே சூட்டில் வாடிய செடியைத்தான் செஞ்சிலந்தி முதலில் பிடிக்கும். வாங்கிய செடியை உடனே மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வைத்து, இலையைத் திருப்பிப் பாருங்கள். என் நர்சரிச் செடியானாலும் அப்படித்தான்.

கீழே வெயிலுக்கு மர ஊமத்தை சரிப்படாது என்றால் கோளாம்பியும் (அலமண்டா) மஞ்சள் டெக்கோமாவும் நன்றாக வரும். அவற்றுக்கும் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ வந்தால் மேலே சொன்ன கரைசலே போதும். டெக்கோமாப் பூவின் அடியில் கீறல் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பூச்சி அடித்துவிட்டது என்று போன் செய்வார்கள். பெரிய கறுப்புத் தச்சு வண்டு, குழலுக்குள் நுழைய முடியாமல் வெளியிலிருந்தே துளைத்துத் தேன் குடித்துவிட்டுப் போயிருக்கும். அதற்கு எதுவும் அடிக்க வேண்டாம்.