சூழல் அமைப்பைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி? பிச்சாவரத்திலிருந்து ஒரு செய்முறை

உணவுச் சங்கிலி என்றதும் நம் பிள்ளைகள் புல், மான், புலி என்று ஒப்பிக்கிறார்கள். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவை இறாலும் நண்டும் கொக்கும்தான் என்பதால், பாடத்தை அங்கிருந்தே தொடங்குமாறு புதிய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கரும்பலகையில் வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல் என வரைந்து, நடுவே பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டைக் குறியுங்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உப்பங்கழி அது என்பது புரிந்தால் போதும்.

அடுத்து, ஓதம் (கடல் நீரின் ஏற்றம்) வடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து அவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வெண்கண்டல் மரத்தின் இலையை வெயில் ஏறிய பிறகு விரலால் தடவச் சொன்னால், மரம் வெளியேற்றிய உப்பு நரநரவென்று கையில் ஒட்டும். அடிமரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களையும் காட்டுங்கள். தில்லை மரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதன் பால் பட்டால் கண்ணுக்கே கேடு. பிறகு, சேற்றில் விழுந்த ஒரு பழுப்பிலையை எடுத்து, அதை நுண்ணுயிர்கள் மக்கச் செய்வதையும், அந்த மக்கை நண்டும் இறாலும் உண்பதையும், அவற்றை மீனும் கொக்கும் தேடி வருவதையும் அங்கேயே நின்று சொல்லுங்கள்.

மூன்றாவது பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு அகன்ற தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கடல்நீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். ஒன்றில் நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதுக் கடல்நீர் நிரப்ப வேண்டும்; மற்றதில் எதையும் கொட்டாமல், வற்றிய அளவுக்கு மட்டும் கடல்நீரையே ஊற்றி வர வேண்டும். இரண்டு வாரம் கழித்து இரு நீரையும் தனித்தனிக் குவளைகளில் ஊற்றி, பச்சை முட்டையை இடுங்கள். முதல் நீரில் முட்டை மூழ்கும். தேங்கிய நீரில் மிதக்கும். மிதக்காவிட்டால் மேலும் சில நாள் காயவிடுங்கள்.

பிச்சாவரத்தில் நடந்ததும் இதுவே. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை பகுதி பகுதியாக மரம் வெட்டியதால், வெயில் பட்ட மண் தாழ்ந்து பள்ளமாகி, உள்ளே வந்த ஓத நீர் வெளியேற வழியின்றி வற்றி, விதை முளைக்காத அளவுக்கு உப்பு ஏறியது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, நீர் வந்து போக வழி செய்த பிறகே நட்ட கன்றுகள் பிழைத்தன. காரணத்தை முட்டையில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு இந்த வரலாற்றை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

கடைசியாக, தங்கள் ஊரில் எந்த ஓட்டம் எங்கே தடைபட்டிருக்கிறது என்று ஒவ்வொருவரையும் வரைந்து வரச் சொல்லுங்கள். புதுச்சேரிப் பிள்ளையாக இருந்தால் மணலை வரையட்டும்: 1980களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்ததால்தான், அதற்கு வடக்கே கரை அரித்துப் பாறாங்கற்கள் கொட்ட வேண்டி வந்தது.