இஷிஹாரா புத்தகம் வைத்துக் குழந்தைகளின் நிறப்பார்வையைச் சோதிப்பது எப்படி?

நிறக்குறைபாடு உள்ள குழந்தை தானாக வந்து சொல்லாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்ப்பதால், மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது என்பதே அதற்குத் தெரியாது. சிவப்பு-பச்சைக் குழப்பம் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடமே அதிகம். அதற்காகப் பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

தேவையானவை: 24 படங்கள் கொண்ட இஷிஹாரா புத்தகம் (நிறப்புள்ளிகளுக்குள் எண்ணோ வளைகோடோ மறைந்திருக்கும் படங்கள்), மெல்லிய தூரிகை, பதிவுத்தாள். போன் திரையோ ஜெராக்ஸோ வேண்டாம். நிறம் சற்றுப் பிசகினாலும் சோதனை வீண்.

1. முதலில் வெளிச்சம், பாதித் தவறுகள் இங்கேதான். நேர் வெயில் படாத பகல் வெளிச்சம், இல்லையென்றால் பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கு (பெட்டியில் 6500 கெல்வின், அதாவது 6500K என்று இருக்கும்). மஞ்சள் பல்பின் கீழ், குறைபாடுள்ள சிலரும் சரியாகப் படித்துத் தப்பிவிடுவார்கள்.

2. பவர் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். கலர் கண்ணாடி கூடாது.

3. புத்தகத்தைச் சாய்க்காமல், முகத்துக்கு நேராக, 75 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள்.

4. முதல் படம் 12. இது எல்லோருக்கும் தெரியும். இதுவே வரவில்லை என்றால் பார்வை மங்கலாக இருக்கலாம், எண் தெரியாமலும் இருக்கலாம், மேலே போகாதீர்கள்.

5. படத்துக்கு 3 வினாடி. சொன்னதை அப்படியே எழுதுங்கள். "சரி", "தப்பு" என்று முகத்தில்கூடக் காட்ட வேண்டாம். 8-ஐ 3 என்றும், 29-ஐ 70 என்றும், 74-ஐ 21 என்றும் படித்தால் குறைபாட்டுக்கான தெளிவான அறிகுறி. 74-ஐ 47 என்றால் அது எண்ணைத் திருப்பிப் படிக்கும் பழக்கம். தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

"சில படத்தில் ஒன்றுமே தெரியாது, அப்படியே சொல்லலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் வாயில் வந்த எண்ணைச் சொல்வார்கள். வகுப்பில் சோதிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழையுங்கள். வரிசையில் நிற்பவன் காதால் கேட்டே பாஸாகிவிடுவான்.

எண் தெரியாத சின்னக் குழந்தைகள் வளைகோட்டுப் படங்களில் தூரிகையால் கோட்டைத் தொடரட்டும். விரல் பட்டால் எண்ணெய்ப்பிசுக்கு ஏறி நிறம் கெடும். வட்டம், நட்சத்திரம் போன்ற வடிவங்கள் உள்ள சோதனை கிடைத்தால் இன்னும் நல்லது.

6. முதல் 15 படங்களில் 13-க்கு மேல் சரியென்றால் (13-உம் சேர்த்து) இயல்பு. 9 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைபாடு. இடைப்பட்டால் முடிவு சொல்லாமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நீலம்-மஞ்சள் குறைபாடு இந்தப் புத்தகத்தில் சிக்காது. முன்பு நன்றாகப் பிரித்தறிந்த நிறத்தில் புதிதாகக் குழப்பமோ, ஒரு கண்ணில் மட்டும் வித்தியாசமோ இருந்தால் அது பிறவிக் குறைபாடாக இருக்காது. மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.