முதல் கேடயச் சின்னம் வாங்கும் முன்: புதியவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவச் சீருடை போட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்கள், எந்த நாட்டுக்காரர் என்று தெரிய மேல்கையில் கேடய வடிவத் துணிச் சின்னம் தைத்திருந்தார்கள். ஸ்பெயின்காரர்களுக்குச் சிவப்பு-மஞ்சள்-சிவப்பு, குரோஷியர்களுக்குச் சிவப்பு வெள்ளைக் கட்டம். எல்லாவற்றையும் துரத்தினால் பணம்தான் கரையும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் ‘ஃப்ரைஸ் இண்டியன்’ (ஜெர்மனில் ‘சுதந்திர இந்தியா’) என்று எழுதிய கேடயமாகத்தான் இருக்கும்: காவி, வெள்ளை, பச்சைப் பட்டைகள்மேல் பாயும் புலி.

1. கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க் கைதிகளைக் கொண்டு நேதாஜி ஜெர்மனியில் திரட்டிய படையின் சின்னம் இது. ராணுவக் கணக்கில் 950-வது காலாட்படை ரெஜிமென்ட். பயிற்சி சாக்சனியின் கோனிக்ஸ்ப்ரூக்கில். நேதாஜி 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பிவிட்டார், படை ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது. 1944 ஆகஸ்டில் அது நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். கைக்குப் போனது. அந்த வீரர்கள் எடுத்த உறுதிமொழியில் ஹிட்லர் பெயரும் இருந்தது. சின்னத்தோடு வைக்கும் குறிப்பில் இதையும் எழுதுங்கள். பாதிக் கதை எழுதுவதற்குச் சேகரிப்பு எதற்கு?

மலேயா, பர்மா பக்கம் போரிட்ட இந்திய தேசிய ராணுவம் வேறு. அதில் மலேயாத் தமிழர்கள் ஏராளம். ஜெர்மன் எழுத்துள்ள கேடயத்தைக் காட்டி “பர்மா போர்முனையில் தாத்தா போட்டிருந்தது” என்று ஒருவர் விற்றால், கதையை ரசித்துவிட்டுப் பர்ஸை மூடுங்கள்.

2. திருப்பிப் பாருங்கள்

முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். அன்றைய ஜெர்மன் துணிச் சின்னங்களில் பேர்போனது வுப்பர்டால் நகரின் ‘பெவோ’ நிறுவனத் தறி நெசவு. பட்டுச் சேலையின் உள்பக்கம் மாதிரி, அதன் பின்புறத்தில் வண்ண நூல்கள் படத்தைத் திருப்பிக் காட்டும். துணியில் அச்சிட்ட வகைச் சின்னங்களும் உண்டு. அவற்றில் இந்த நூலோட்டம் இருக்காது. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியோ தடித்து எழும்பி நிற்கும், பின்னால் வெள்ளைத் தாங்குதுணி ஒட்டியிருக்கும். அது இன்றைய சரக்கு.

3. புற ஊதா டார்ச்

இருட்டறையில் டார்ச் அடியுங்கள். நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். துணியை வெண்மையாக்கும் ரசாயனம் பரவலானது போருக்குப் பிறகுதான். ஆனால் பழைய துணியை யாராவது இன்றைய சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிராததாலேயே அசலும் ஆகிவிடாது.

உங்களுடையதே என்றால் ஓரத்தில் பிரிந்த ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையானால் கதை முடிந்தது.

4. பேரம்

இரு பக்கமும், ஓரங்களும் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ கேளுங்கள். தர மறுப்பவரிடம் வேண்டாம். எழுத்தில் திரும்பப்பெறும் உறுதியும் வாங்குங்கள். போலிகள் மலிந்த துறை இது, குறைந்த விலை என்பதற்காக அவசரப்பட வேண்டியதில்லை. வேறு நாட்டுச் சின்னங்களுக்குப் போகும்போது, ஸ்வஸ்திகா உள்ளவற்றைக் காட்டவும் விற்கவும் ஜெர்மனியில் கடும் சட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

5. பாதுகாப்பு

துவைக்காதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். லேமினேஷன் கூடவே கூடாது! அமிலமில்லாத தாளுக்கு நடுவே மடிக்காமல் வைத்து, பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். ரசகற்பூர உருண்டை துணியைத் தொடக் கூடாது. பிரேம் போட்டே ஆக வேண்டுமென்றால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். வெளிச்சத்தில் நிறம் வெளிறும்.